கல்லுக்குக் காவல் உண்டு, மரத்துக்கு இல்லையா?

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டில், ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு புளிய மரம் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வது பாதி உண்மைதான். ரோட்டுப் பக்கத்துக் கிளைகள் மொட்டையாகிவிட்டன. வயல் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை தெரிகிறது. அடிமரத்தில் வெள்ளை பூசி எண் எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் புளி ஏலம் போகும்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் கஞ்சித் தூக்கைத் திறக்கிற இடம் அது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஒதுங்குகிற இடம். நமது விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டங்கள் எத்தனையோ அந்த நிழலில்தான் நடந்திருக்கின்றன. மண்டபத்துக்கு வாடகை கொடுக்க முடியாத ஸ்தாபனத்துக்குப் புளிய மரம்தான் மண்டபம்!

மழை இல்லாததால் மரம் காய்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். என்னோடு வந்த வயதான தோழர் ஒருவர், வருஷா வருஷம் புளி உலுக்கியே பிள்ளைகளை வளர்த்தவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "மழை இல்லாததாலயா? தாது வருஷப் பஞ்சத்தைத் தாண்டி வந்த மரம்னு எங்க பாட்டன் சொல்லுவாரு. ஒரு கோடைக்கா சாவும்? அடியைப் பாருங்க தோழர்" என்றார்.

அடியைப் பார்த்தேன். ரோடு அகலப்படுத்தியபோது கொட்டிய கிராவல் மண் முழங்கால் உயரத்துக்கு அடிமரத்தை மூடிக் கிடந்தது. அதற்கு அப்பால், குழாய் புதைக்க ஜே.சி.பி. தோண்டிய பள்ளத்தை அரைகுறையாக மூடியிருந்தார்கள். தொடை பருமன் உள்ள இரண்டு வேர்கள் கிழிந்து, நார் நாராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மரம் எந்தப் பக்கம் மொட்டையோ, அந்தப் பக்கத்து வேர்கள் அவை.

ஒரு ஆளின் மார்பு வரை மண்ணைப் போட்டு மூடி, ஒரு காலையும் வெட்டிவிட்டு, "ஐயோ பாவம், வெயில் தாங்காமல் செத்துவிட்டான்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா? மரத்தின் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறோம். "வறட்சி" என்கிறார் அதிகாரி. "ஆமாம் வறட்சி" என்கிறார் கண்டிராக்டர். நாமும் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறுகிறோம்.

அந்த வேலையைச் செய்த கண்டிராக்டர் யார் என்ற விசாரணை இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. எந்த ரோட்டில் போனாலும் இதே காட்சிதான். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலைக்கு முன்பு 66 என்று எண், இப்போது 77. அதை அகலப்படுத்தும் வேலை தொடங்கி, பாதியில் நின்று, வருஷக்கணக்கில் இழுத்து, பிறகு மறுபடி நடந்த கதை நம் ஜில்லாக்காரர்கள் அனைவரும் முதுகெலும்பால் அறிந்தது. இரு பக்கமும் கூரை போட்டது போல் நின்ற புளிய மரங்கள் போய்விட்டன. அங்கங்கே தப்பியவை சில. அவற்றைப் பற்றித்தான் இப்போது பேச்சு.

ரோடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான பாதையில் போகிறவனுக்கு நல்ல ரோட்டின் அருமை தெரியும். பங்களாக்காரர் காரில் உட்கார்ந்து "அடடா, மரங்கள் போயிற்றே" என்று பெருமூச்சு விடுகிற பேச்சு அல்ல இது. ரோடும் வேண்டும், மரமும் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அந்த வழியில் கண்டிராக்டருக்குக் கொஞ்சம் லாபம் குறையும். தகராறு அங்கேதான்!

மரம் நட்ட ராஜாக்களின் பெருமையைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அசோகர் சாலை ஓரம் ஆல் நட்டார். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு மரம் வளர்த்தாள். 1690 முதல் 1698 வரை மொகலாயர் சேனை நம் செஞ்சிக் கோட்டையைச் சுற்றி முற்றுகை போட்டுக் கிடந்ததே, அவள் ஆட்சி செய்ததும் அதே காலத்தில்தான். சரி. உத்தரவு போட்டது ராணி. கன்றுக்குக் குடம் சுமந்தது யார்? ஆடு கடிக்காமல் முள் வைத்துக் காத்தது யார்? அவர்கள் பேர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நம் ரோட்டுப் புளிய மரங்களும் அப்படி வளர்ந்தவைதான். ஆகவே இவை சர்க்கார் சொத்து என்று பதிவேட்டில் இருக்கலாம். உழைத்த ஜனங்களின் சொத்து என்பதுதான் உண்மை.

வேர் எங்கே இருக்கிறது?

படித்தவர்கள்கூட ஒரு தப்பான படத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். மேலே எவ்வளவு உயரமோ, கீழே அவ்வளவு ஆழத்துக்கு வேர் போகிறது என்று நினைக்கிறார்கள். ஆணிவேர் ஆழமாகப் போவது உண்மை. ஆனால் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல் மண்ணில், ஒன்றரை இரண்டு அடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. கிளை பரவிய வட்டத்தோடும் அது நிற்பதில்லை. அதையும் தாண்டி வெகு தூரம் ஓடுகிறது. ஆகவே மரத்திலிருந்து பத்தடி தள்ளித்தானே தோண்டினோம் என்று சொல்கிறவர், சோற்றுப் பானையில்தான் கடப்பாரையைப் போட்டிருக்கிறார்.

இன்னொன்று. வேருக்கு மூச்சு வேண்டும். மண்ணின் துளைகளில் உள்ள காற்றிலிருந்துதான் அது மூச்சு விடுகிறது. அதன்மேல் டிப்பர் லாரியும் ரோடு ரோலரும் ஓடினால் மண் இறுகிக் கல்லாகிறது. காற்றும் போகாது, மழைத் தண்ணீரும் இறங்காது. மேலே இரண்டடி மண் கொட்டினாலும் அதே கதிதான். சிமெண்டு போட்டு மூடினால் கேட்கவே வேண்டாம்.

இதில் கொடுமை என்னவென்றால், மரம் உடனே சாவதில்லை. தன் உடம்பில் சேர்த்து வைத்ததைத் தின்றுகொண்டு மூன்று வருஷம், ஐந்து வருஷம், சில சமயம் ஏழு வருஷம்கூட நிற்கும். பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்டிங் இலாகாவில் பஞ்சுத் தூசு நெஞ்சுக்குள் போகிறது. ஆள் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருப்பான். பத்து வருஷம் கழித்து இருமத் தொடங்குவான். அப்போது "பீடி குடித்திருப்பான்" என்று கை கழுவிவிடுவார்கள். மரத்துக்கும் அதே நியாயம்தான். அது பட்டுப்போகிற நாளில் கண்டிராக்டருக்குப் பில் பட்டுவாடா ஆகி வெகு நாள் ஆகியிருக்கும்.

இந்த இடைக்காலத்தில்தான் வறட்சி வருகிறது. வேர் முழுசாக இருக்கிற புளிய மரம் வறட்சியைத் தாங்கும். பாதி வேரை இழந்த மரம் எதைக் கொண்டு தாங்கும்? 2016-ல் வடகிழக்குப் பருவ மழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களையும் வறட்சி பாதித்தவை என்று சர்க்காரே அறிவித்தது. அது ஒரு முனை. மறுமுனை 2024 நவம்பர் கடைசியில் வந்த பெஞ்சல் புயல். நமக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வேர் அறுந்த மரம் வறட்சியில் காயும், புயலில் முதல் ஆளாகச் சாயும். காய்ந்தால் பழி வெயில் மேல். சாய்ந்தால் பழி காற்று மேல்!

பலவீனப்பட்ட மரத்தைப் பூச்சியும் மோப்பம் பிடித்து வந்துவிடும். அமெரிக்காவில் கலிபோர்னியா என்ற பணக்கார ராஜ்யத்தில், 2010-க்கும் 2017-க்கும் இடையில் 12 கோடியே 90 லட்சம் மரங்கள் செத்துப்போயின என்று அந்நாட்டு வன இலாகாவே கணக்குச் சொன்னது. அவற்றில் ஏராளமானவை பைன் என்கிற ஊசியிலை மரங்கள். தண்ணீர் இருந்தால் பைன் மரம் தன் பிசினைப் பீய்ச்சிப் பட்டைவண்டை வெளியே தள்ளிவிடும். வறட்சியில் பிசின் ஊறவில்லை. வண்டு உள்ளே புகுந்து குடித்தனம் நடத்தியது. பட்டினி கிடந்தவனைக் காய்ச்சல் பிடிப்பது போல.

கோட்டைக்கு வந்த யோகம்

இப்போது செஞ்சிக்கு ஒரு யோகம் வந்திருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கால ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் பார்க்க இனி வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். வரட்டும். ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் இளநீர் விற்கிற அம்மாவுக்கும் நாலு காசு கிடைக்கட்டும். நமக்கு அதில் வருத்தம் கிடையாது.

ஆனால் உல்லாசப் பயணிகள் வந்தால் கூடவே என்ன வரும்? கார் நிறுத்த இடம், ஓட்டல், கக்கூஸ், அகல ரோடு, மழைநீர்க் கால்வாய், பூமிக்கடியில் மின்சாரக் கேபிள். ஒவ்வொன்றும் மண்ணைத் தோண்டுகிற வேலை. கார் நிறுத்த நிழல் உள்ள இடமாகத்தான் பார்ப்பார்கள். மரத்தடியில் சிமெண்டுக் கல் பதிப்பார்கள். பிறகு மரம் காயும்.

கோட்டைக் கல்லுக்குச் சட்டம் இருக்கிறது. 2010-ல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது. அதற்கும் அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். நல்ல சட்டம். கல்லுக்கு 300 மீட்டர் காவல் வைக்கத் தெரிந்த சர்க்காருக்கு உயிருள்ள மரத்துக்கு எத்தனை மீட்டர் கொடுக்கத் தெரிகிறது? டில்லியில் மரத்தின் கழுத்து வரை சிமெண்டு போட்டதைப் பார்த்துவிட்டு, 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு உத்தரவு போட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள சிமெண்டைப் பெயர்த்து எடுக்க வேண்டும் என்றது. ஒரு மீட்டர்! அதற்கே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

"கவலைப்படாதீர்கள், வெட்டுகிற ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுகிறோம்" என்று பதில் வரும். கேட்கக் காதுக்கு இனிமைதான். ஜூன் 5-ந் தேதி பெரிய மனிதர்கள் வருவார்கள், பூவாளியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஜூன் 6-ந் தேதி அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. அடுத்த வருஷம் அதே குழிக்கு வேறு கன்று. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினார்கள். மாநிலப் பரப்பில் சுமார் 24 சதவீதமாக இருக்கிற பசுமையை 33 சதவீதமாக்குவது லட்சியம் என்றார்கள். வரவேற்கிறோம். ஆனால் இருக்கிற பெரிய மரத்தைச் சாக விட்டுவிட்டு நடுகிற கன்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நூறு வருஷ மரத்தின் நிழலைப் பத்துக் கன்று சேர்ந்து தருவதற்குள் இன்று கன்று நடுகிறவனின் பேரனுக்குப் பேரன் பிறந்திருப்பான்.

மரத்துக்கு விலையே போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மேற்கு வங்கத்தில் ஜெஸ்ஸூர் ரோட்டில் ரயில்வே மேம்பாலங்களுக்காக முந்நூற்றுச் சொச்சம் பழைய மரங்களை வெட்டுகிற வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் அமைத்த நிபுணர் குழுவின் கணக்கு 2021-ல் வெளிவந்தது. ஒரு மரத்தின் மதிப்பு வருஷத்துக்கு 74,500 ரூபாய். அதை மரத்தின் வயதால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்றது அந்தக் குழு. அந்த மரங்களின் மொத்த மதிப்பு 220 கோடி ரூபாய் என்றது. பிறகு? 2023-ல் அதே கோர்ட் அவற்றை வெட்ட அனுமதி கொடுத்தது. விலை போட்டதெல்லாம் விற்பதற்குத்தான் என்று நம்மில் ஒருவர் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

எஃகுத் தொழிலாளர் நகரத்தில்

இங்கிலாந்தில் ஷெபீல்டு என்று ஒரு நகரம். எஃகு ஆலைகளுக்குப் பேர் போனது. தொழிலாளர் இயக்கத்தின் பழைய கோட்டை. அப்போது நகர சபை தொழிற் கட்சியின் கையில் இருந்தது. அந்த நகர சபை 2012-ல் ரோடுகளைப் பராமரிக்கும் பொறுப்பை 25 வருஷத்துக்கு ஏமி என்ற தனியார் கம்பெனிக்குக் கொடுத்தது. ரோட்டோர மரங்களில் 17,500 மரங்களை மாற்றலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு எண் இருந்தது. ஜனங்களுக்கு அது நெடுநாள் தெரியாது.

நன்றாக இருக்கிற மரங்களையும் கம்பெனி வெட்டத் தொடங்கியது. ஏன்? பெரிய மரத்தின் வேர் நடைபாதைக் கல்லைத் தூக்கும். வருஷா வருஷம் ஆளைப் போட்டுக் கல்லைச் சரி செய்வதைவிட, மரத்தை ஒரேயடியாக வெட்டிவிட்டுக் குச்சிக் கன்று நடுவது கம்பெனிக்கு லாபம். இதற்கு மேல் தத்துவம் எதுவும் இல்லை.

ஜனங்கள் மரத்தடியில் வந்து நின்றார்கள். 2016 நவம்பரில் ஒரு நாள், பொழுது விடியும் முன்னே போலீஸ் பாதுகாப்போடு மரம் வெட்ட வந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பெண்மணிகளையும் கைது செய்தார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா தோழர்களே? தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ்! வேலைக்குப் போகிறவனைத் தடுத்தார்கள் என்று, மறியல் செய்கிற தொழிலாளியை அடக்க வைத்திருந்த ஷரத்தை எடுத்துப் பாட்டிமார் மேல் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை, கைவிட்டார்கள். போராட்டம் மட்டும் நின்றது. 2018 மார்ச்சில் வெட்டுவதை நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் ஐயாயிரத்துக்கும் அதிகமான மரங்கள் போயிருந்தன. 2023-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை, நகர சபை ஜனங்களையும் கோர்ட்டையும் தப்பாக வழி நடத்தியது என்று எழுதி வைத்தது.

தொழிற் கட்சியின் நகர சபையே இப்படி என்றால் என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம் கட்சிக்காரர்கள் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்களில் இந்தக் கேள்வியைச் சுவரில் எழுதி வைத்தாலும் தப்பில்லை.

காப்பாற்றுவது எப்படி?

கஷ்டமான வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கயிறு போதும். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிக் கயிற்றைப் பிடியுங்கள். அந்தச் சுற்றளவைப் போல் நான்கு மடங்கு தூரம் மரத்திலிருந்து எல்லாப் பக்கமும் தள்ளி ஒரு வட்டம். அதற்குள் தோண்டக் கூடாது, மண் கொட்டக் கூடாது, ஜல்லி குவிக்கக் கூடாது, லாரி நிற்கக் கூடாது, சிமெண்டுத் தண்ணீர் கழுவி ஊற்றக் கூடாது. பிரிட்டனில் கட்டிட வேலைக்கு வைத்திருக்கும் விதிமுறை அடிமரத்தின் விட்டத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு என்கிறது. நம் கயிற்றுக் கணக்கும் ஏறக்குறைய அதுவேதான். பத்தடி சுற்றளவு உள்ள புளிய மரத்துக்கு நாற்பது அடி. வேலை தொடங்குவதற்கு முன்பே அந்த வட்டத்தில் சவுக்குக் கழி நட்டு வேலி கட்ட வேண்டும். ரோட்டில் அவ்வளவு இடம் ஏது என்பார்கள். ரோட்டுப் பக்கம் குறைகிற இடத்தை வயல் பக்கமாவது முழுசாகக் காப்பாற்றுங்கள் என்போம். குழாய் போட்டே ஆக வேண்டும் என்றால், அந்த வட்டத்துக்குள் மட்டும் ஜே.சி.பி.யை நிறுத்திவிட்டு ஆளை இறக்கி மண்வெட்டியால் தோண்டுங்கள். பெரிய வேர் வந்தால் அதன் அடியில் புகுத்திக் குழாயைக் கொண்டு போகலாம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற சின்ன வேரை வாளால் சீராக அறுக்க வேண்டும். மெஷின் பிய்த்த வேர் அழுகும். அறுத்த வேர் துளிர்க்கும்.

ஏற்கெனவே அடிபட்ட மரத்தை அடையாளம் காண்பதும் எளிது. உச்சிக் கிளையின் நுனி காயும். இலை சிறுக்கும். பருவம் தப்பி உதிரும். அடிமரத்தில் பொடி பொடியாக மரத்தூள் உதிர்ந்திருந்தால் வண்டு புகுந்துவிட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்ட மரத்துக்கு முதல் வைத்தியம் தண்ணீர். அதையும் அடிமரத்தின் மேல் ஊற்றிப் பிரயோசனம் இல்லை. குடிக்கிற வாய் அங்கே இல்லை. கிளை பரவிய விளிம்பை ஒட்டி, மேலாகச் சின்ன வரப்பு கட்டி, மெதுவாக விட வேண்டும். தினமும் ஒரு குடம் தெளிப்பது கண் துடைப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு அடி ஆழம் நனையும்படி விடுவதுதான் தண்ணீர். நனைந்ததா என்று கம்பியைக் குத்திப் பாருங்கள். ஈரம் உள்ள வரை இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும்.

பிறகு மூடாக்கு. நம் பக்கம் மல்லாட்டைத் தோலுக்கும் கரும்புச் சோகைக்கும் பஞ்சமா? நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நிற்கும், மண் இளகும். அடிமரத்தில் படாமல் ஒரு முழம் விட்டுப் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பட்டை அழுகும். மேலே கொட்டிய மண்ணைக் கையால் வாரி எடுக்க வேண்டும். உப்பு உரம் போடாதீர்கள். பட்டினி கிடந்தவனுக்குப் பிரியாணி போடுவது போல் ஆகிவிடும். காய்ந்த கிளையை மட்டும் கழியுங்கள். மரம் நோயாக இருக்கிறதே என்று பச்சைக் கிளைகளையும் மொட்டையடிப்பது அடுப்பையே அணைக்கிற வேலை. இலைதான் மரத்துக்குச் சோறு சமைக்கிறது.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குத் தெலங்கானாவின் மகபூப்நகரைச் சொல்லலாம். அங்கே பில்லலமர்ரி என்ற ஆலமரம். எழுநூறு வயது என்று சொல்கிறார்கள். கரையான் அரித்துக் கிளை முறிந்து விழுந்தது. 2018-ல் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுவது போலவே பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாகப் பூச்சி மருந்து ஏற்றினார்கள். சாயும் கிளைகளுக்குத் தூண் கொடுத்தார்கள். ஜனங்கள் ஏறி மிதிக்காமல் வேலி போட்டார்கள். மரம் பிழைத்தது. மனம் வைத்தால் சர்க்காருக்கும் வைத்தியம் தெரிகிறது!

கூலி யார் கொடுப்பது?

இங்கேதான் நம் சங்கம் வர வேண்டும். மரத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஜனங்களுக்கு உபதேசம் செய்து, ஓசியில் தண்ணீர் சுமக்கச் சொல்வது நம் வேலை அல்ல. அது சேவைச் சங்கத்தாரின் வேலை. கூலி கொடு என்று கேட்பதுதான் நம் வேலை.

கணக்குப் பாருங்கள். கோடை நான்கு மாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்றால் எட்டுத் தடவை. ஒரு தடவைக்கு 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் ஒன்று. வரப்பு கட்டி, தண்ணீர் பாய்ச்சி, மூடாக்குப் போட இரண்டு ஆள். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். ஆள் கூலி மட்டும் வருஷத்துக்கு 5,376 ரூபாய். நூறு வருஷப் புளிய மரத்துக்கு அந்த நிபுணர் குழுவின் கணக்குப்படி மதிப்பு 74 லட்சத்து 50 ஆயிரம். டேங்கர் வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் எது மலிவு?

இந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பது? ரோடு வேலையின் டெண்டரிலேயே எழுது என்கிறோம். இன்னின்ன எண்ணுள்ள மரங்கள் வேலை முடிந்து ஐந்து வருஷம் உயிரோடு நின்றால்தான் டிபாசிட் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு ஷரத்துப் போட்டால், கண்டிராக்டரே மரத்துக்கு விசிறி வீசுவார். கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சர்க்கார் நிலத்து மரத்தை வெட்ட வேண்டுமானால் அதன் அனுமதி வேண்டும். கோடாலியால் வெட்டினால் அனுமதி. வேரை அறுத்து மெதுவாகக் கொன்றால் அனுமதி தேவையில்லை என்றால் இதென்ன நியாயம்? தோண்டுகிற வேலையும் அந்தக் குழுவின் பார்வைக்கு வர வேண்டும். அந்தக் குழுவில் புளி உலுக்குகிறவர்கள் சார்பிலும் ஒருவர் உட்கார வேண்டும்.

நூறு நாள் வேலையில் கன்று நடுவதைப் பார்த்திருக்கிறோம். பழைய மரத்தைக் காப்பதும் வேலை என்று எழுத வைக்க வேண்டும். அந்தச் சட்டமும் இப்போது பழைய நிலையில் இல்லை. 2005-ல் போராடிப் பெற்ற சட்டத்தை 2025 டிசம்பரில் மாற்றினார்கள். நாளை 125 ஆக்கினோம் என்று காட்டிவிட்டு, செலவில் 40 சதவீதத்தைத் தமிழ்நாடு போன்ற ராஜ்யங்களின் தலையில் வைத்தார்கள். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்துகொண்டார்கள். இது வேலை கேட்கிற உரிமையின் வேரில் வெந்நீர் ஊற்றுகிற காரியம். அதை எதிர்த்துப் போகிற ஊர்வலத்தில் இந்தக் கோரிக்கையும் ஒரு அட்டையில் ஏறட்டும்.

"கூலிப் போராட்டம் தலைக்கு மேல் கிடக்கும்போது மரமா?" என்று ஒரு தோழர் கேட்டார். வெயில் தாக்குவதை 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் பேரிடர் பட்டியலில் சேர்த்தது. பேரிடரில் சாகிறவர்கள் யார்? குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பவரா? மதியம் பன்னிரண்டு மணிக்கு வரப்பில் நிற்கிறவர்கள்தானே! ஒதுங்க ஒரு நிழல் என்பது அவர்களுக்கு வேலைத்தலப் பாதுகாப்பு. மில்லில் விசிறியும் குடிதண்ணீரும் கேட்டு மனு எழுதுகிறோம் அல்லவா, அதே வரிசையில்தான் இதுவும் வருகிறது.

இனி ஒரு சுயவிமர்சனம். எங்கள் கிளையின் கொடிக்கம்பம் ஒரு வேப்ப மரத்தடியில் இருக்கிறது. வருஷங்களுக்கு முன் நாங்களே வசூல் செய்து மரத்தைச் சுற்றி வட்டமாகச் சிமெண்டு மேடை கட்டினோம். பேசுவதற்கு வசதி, உட்காருவதற்கு வசதி என்று பெருமைப்பட்டோம். போதாததற்கு மே தினப் போர்டை மரத்திலேயே ஆணி அடித்து மாட்டினோம். அந்த மரத்திலும் உச்சிக் கிளை காய்கிறது. கண்டிராக்டரைக் கேட்ட கேள்வியை எங்களையும் கேட்க வேண்டியதாயிற்று.

கிளைக் கூட்டத்தில் விவாதம் சூடாகத்தான் நடந்தது. ஒரு மூத்த தலைவர் திறந்து வைத்த மேடையை இடிப்பதா என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அவர் இருந்தால் அவரே முதல் அடி அடித்திருப்பார் என்றார் அந்தப் புளி உலுக்குகிற தோழர். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு உடைப்பது என்று முடிவாகியிருக்கிறது. மெஷின் வேண்டாம், சம்மட்டியும் உளியும் போதும். கீழே வேர் இருக்கிறது. கயிறு பிடித்து அளந்து பார்த்தோம். மரத்தின் சுற்றளவு ஆறடி. நான்கு மடங்கு இருபத்து நாலு அடி. ஆகவே கொடிக்கம்பம் டீக்கடை ஓரத்துக்குப் போகிறது. டீக்கடைக்காரர் சம்மதித்துவிட்டார்.